உயிர் கொடுத்தவரும் உத்தரவு கொடுத்தவரும்

யுத்தத்தில் ஒரு தேசத்தார் காட்டிய வீரத்தைப் புகழ்வதற்கு எக்காலத்திலும் ஆட்கள் உண்டு. அவ்வீரர்களைப் போருக்கு அனுப்பியவர் யார், அனுப்புவதற்கு அத்தேசத்து ஜனங்களின் சம்மதம் பெறப்பட்டதா என்று விசாரிப்பவர் சிலரே. ஆஸ்திரேலியாவின் சரித்திரத்தில் இந்த இரண்டாவது விசாரணைக்கு விசேஷமான இடமுண்டு. 1914-ல் தொடங்கிய முதல் மகாயுத்தத்திலும் 1939-ல் தொடங்கிய இரண்டாவது மகாயுத்தத்திலுமாக அத்தேசத்தார் ஏறக்குறைய ஒரு லட்சம் உயிர்களைப் பறிகொடுத்தனர். அவற்றில் மிகப் பெரும்பாலானவை சொந்த மண்ணுக்குப் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் பிரிந்தவை. உத்தரவு ஓரிடத்திலிருந்து வரவும், பிள்ளையை வேறோரிடத்துத் தாய் கொடுக்கவும் நேர்ந்த அந்த அநுபவத்திலிருந்து ஆஸ்திரேலியர் கற்ற பாடம் என்ன, கற்காமல் விட்டது என்ன என்பதை நேயர்களின் முன் வைக்க விரும்புகிறோம். கேட்பாரின்றி இரண்டு யுத்தங்களுக்குள்ளும் இழுக்கப்பட்ட நமக்கு இவ்விசாரணை அந்நியமானதன்று.

கடைசி மனிதனும் கடைசி ஷில்லிங்கும்

1901-ல் ஆறு குடியேற்றங்கள் ஒன்றுகூடி ஆஸ்திரேலிய ஐக்கிய ராஜ்யமாயின. உள்நாட்டு விவகாரங்களில் அந்த ராஜ்யத்துக்குச் சுயாட்சி இருந்தது. ஆனால், யுத்தமா சமாதானமா என்ற கேள்விக்கு விடை லண்டனிலேயே இருந்தது. 1914 ஆகஸ்ட் 4-ந் தேதி பிரிட்டன் ஜெர்மனியுடன் யுத்தம் தொடுத்தபோது ஆஸ்திரேலியாவும் அதே கணத்தில் யுத்தத்தில் சேர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. அதைக் குறித்து அங்கே முணுமுணுப்புக்கூட எழவில்லை. அச்சமயம் எதிர்க்கட்சித் தலைவராயிருந்த மிஸ்டர் ஆண்ட்ரூ பிஷர், கடைசி மனிதன் வரையிலும் கடைசி ஷில்லிங் வரையிலும் தாய்நாட்டுக்குத் துணை நிற்போமென்று ஜூலை 31-ந் தேதியே கூட்டத்தில் பேசிவிட்டார். தாய்நாடு என்று அவர் சொன்னது இங்கிலாந்தைத்தான் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

அந்நாளில் ஆஸ்திரேலியாவின் ஜனத்தொகை 50 லட்சத்துக்கும் குறைவு. அத்தொகையில் 4,16,000-க்கு மேற்பட்டவர் தாமாகவே முன்வந்து சேனையில் சேர்ந்தனர். ராஜபக்தியால் சேர்ந்தோர் உண்டு. உலகத்தைச் சுற்றிப் பார்க்கும் ஆசையால் சேர்ந்தோரும் உண்டு. நாளொன்றுக்கு 6 ஷில்லிங் சம்பளம் என்பதற்காகச் சேர்ந்த ஏழைத் தொழிலாளரும் உண்டு. காரணம் எதுவாயினும், எந்த நாட்டில் எவரோடு போர் புரியப் போகிறோம் என்பது கப்பலேறியவர்களுக்குத் தெரியாது.

அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் துருக்கி தேசத்துக் கல்லிப்போலி. டார்டனெல்ஸ் ஜலசந்தியைக் கைப்பற்றித் துருக்கியை வீழ்த்தி, ருஷ்யாவுக்குக் கடல் வழியைத் திறப்பது என்ற திட்டம் லண்டனில் வகுக்கப்பட்டது. அதை முன்னின்று வற்புறுத்தியவர் அன்று கப்பற்படை மந்திரியாயிருந்த மிஸ்டர் சர்ச்சில். ஆஸ்திரேலிய சர்க்காரிடம் அதைப்பற்றி ஆலோசனை கேட்கப்படவில்லை. 1915 ஏப்ரல் 25-ந் தேதி விடியற்காலையில், செங்குத்தான மேடுகளின் அடிவாரத்திலிருந்த குறுகிய கடற்கரையில் ஆஸ்திரேலியரும் நியூஜீலந்தாரும் இறக்கப்பட்டனர். அன்று அவர்களுடன் இறங்கிப் பீரங்கிகளை மேட்டுக்கு ஏற்றியவர்களில் இந்திய மலைப் பீரங்கிப் படையினரும் இருந்தனர். தண்ணீரும் தோட்டாவும் சுமந்த கோவேறு கழுதைகளை ஓட்டியவர்களும் நம்மவரே. எட்டு மாதம் அந்த மேடுகளில் பதுங்கு குழிகளில் கிடந்து, டிசம்பரில் இரவோடிரவாக எல்லோரும் வெளியேறினர். 8,000-க்கு மேற்பட்ட ஆஸ்திரேலியர் அங்கே மடிந்தனர். தம் மண்ணைக் காத்து நின்ற துருக்கியரில் மடிந்தவர் அதைப்போல் பல மடங்கு. 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்ற நம் பழமொழிக்கு இதைவிடக் கொடிய உதாரணம் அகப்படுவது அரிது.

பின்னர் பிரான்ஸ் தேசத்துப் போர்முனை. 1916 ஜூலை 19-ந் தேதி பிரோமெல் கிராமத்தருகே ஒரே இரவில் 5,533 ஆஸ்திரேலியர் இறந்தும் காயப்பட்டும் சிறைப்பட்டும் போயினர். அடுத்த சில தினங்களில் பொஸியேர் மேட்டில் தொடங்கிய சண்டையில், ஏழு வாரங்களுக்குள் 23,000 பேர் சேதம். கல்லிப்போலியில் எட்டு மாதத்தில் நேர்ந்த நஷ்டத்துக்கு அருகே வரும் நஷ்டம் இங்கே இரண்டு மாதத்துக்குள் முடிந்தது.

வீட்டு வாசலில் யுத்தம்

குண்டு விழாத ஊர்களிலும் யுத்தம் நடந்தது. மகனோ கணவனோ இறந்த செய்தியை வீட்டாருக்கு நேரில் சென்று அறிவிக்கும் கடமை அவரவர் மதத்துப் பாதிரியாரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஆறுதல் சொல்ல வேண்டியவரே யமதூதர் போலானார். பாதிரியார் தெருவில் திரும்புவதைக் கண்டதும், அவர் எந்த வாசலில் நிற்பாரோ என்று ஸ்திரீகள் நெஞ்சு பதறி நின்றனர். 'காணவில்லை' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்ட செய்திகளோ இன்னும் கொடியவை. முன்னாள் பிரதம மந்திரி ஆல்பிரட் டீகினின் குமாரத்தி வீரா டீகின், செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் முதலில் கெய்ரோவிலும் பிறகு லண்டனிலும் ஒரு விசாரணைக் காரியாலயம் நடத்தினார். ஆஸ்பத்திரிகளில் கிடந்த சிப்பாய்களிடம் ஆளனுப்பி, இன்னான் எங்கே எப்படி இறந்தான் என்று கேட்டறிந்து குடும்பத்தாருக்கு எழுதுவதே அதன் வேலை. சடலங்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்பது விதி. ஆகையால் அந்தக் கடிதமே பல தாய்மாருக்குக் கல்லறையாக இருந்தது.

இந்தத் துயரத்தின் நடுவேதான் ஆஸ்திரேலிய ஜனங்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. தாமாகச் சேருவோர் தொகை குறைந்து வந்தபடியால், கட்டாயமாக ஆள் பிடித்துக் கடல் கடந்து அனுப்ப வேண்டுமென்று பிரதம மந்திரி மிஸ்டர் ஹியூஸ் கருதினார். அவருடைய கட்சியிலேயே எதிர்ப்பிருந்தமையால் நேரே ஜனங்களின் ஓட்டைக் கோரினார். ஆஸ்திரேலிய ஸ்திரீகளுக்கு 1902-லேயே ஓட்டுரிமை கிடைத்திருந்தது. மகனைப் போர்க்களத்துக்கு அனுப்பிய மறக்குடித் தாயை நாம் புறநானூற்றில் கண்டிருக்கிறோம். மகனைக் கட்டாயப்படுத்தி அனுப்பலாமா என்று யுத்தத்தின் நடுவிலே தாயையும் ஓட்டுக் கேட்டது உலகத்துக்கே புதுமை.

1916 அக்டோபர் 28-ந் தேதி வாக்கெடுப்பு நடந்தது. ஆம் என்றவர் 10,87,557. இல்லை என்றவர் 11,60,033. ஹியூஸ் தம் கட்சியை விட்டு விலகி எதிர்க்கட்சியாருடன் சேர்ந்து சர்க்கார் நடத்தினார். 1917 டிசம்பர் 20-ந் தேதி மறுபடியும் ஜனங்களைக் கேட்டார். இம்முறை 'இல்லை' என்ற ஓட்டு முன்னிலும் அதிக வித்தியாசத்தில் வென்றது. எதிர்த்தவர்கள் பலதரத்தினர். தொழிற்சங்கத்தார் இருந்தனர், டப்ளினில் 1916-ல் நடந்த அடக்குமுறையால் மனம் கொதித்த ஐரிஷ் வம்சத்தார் இருந்தனர், மெல்போர்ன் நகரத்துக் கத்தோலிக்க மதகுரு மானிக்ஸும், சமாதானத்துக்காகப் பாடுபட்ட வீடா கோல்ட்ஸ்டீன் முதலிய ஸ்திரீகளும் இருந்தனர். சர்க்கார் தணிக்கை என்னும் ஆயுதத்தைக் கையிலெடுத்தது. 1917 நவம்பரில், குவீன்ஸ்லந்து மாகாணச் சட்டசபையில் பிரதமர் ரையன் செய்த பிரசங்கம் அச்சேறிய சட்டசபை அறிக்கையையே ஹியூஸின் உத்தரவின்மேல் அச்சகத்தில் புகுந்து பறிமுதல் செய்தனர். நம் தேசபக்தர்களின் அச்சுக்கூடங்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இக்காட்சி புதிதல்ல. வித்தியாசம் ஒன்றே: அங்கே பறிமுதலுக்குப் பிறகும் ஜனங்களின் கையில் ஓட்டு இருந்தது.

'இல்லை' என்றவர்கள் யுத்தத்துக்கே விரோதிகளல்லர். அவர்களில் எண்ணற்றவரின் பிள்ளைகள் ஏற்கெனவே போர்முனையில் இருந்தனர். உயிரைக் கொடுப்பது அவனவன் விருப்பம். பறித்துக்கொடுப்பது பிறர் உரிமையன்று என்பதே அவர்கள் தீர்ப்பு. இவ்விதம் கட்டாயமின்றியே யுத்தம் முடிகிறவரையில் போர் புரிந்த ஆஸ்திரேலிய சேனை 60,000-க்கு மேற்பட்ட உயிர்களை இழந்தது.

கப்பல்கள் திரும்பிய கதை

இருபத்தைந்து வருஷம் கழித்து அதே நாடகம் மறுபடி தொடங்கியது. 1939 செப்டம்பர் 3-ந் தேதி இரவு பிரதம மந்திரி மிஸ்டர் மென்ஸிஸ் ரேடியோவில் பேசினார். பிரிட்டன் யுத்தத்தில் இறங்கிவிட்டது, அதன் பலனாக ஆஸ்திரேலியாவும் இறங்கிவிட்டது என்பதே அவர் வாக்கின் சாரம். அதே தினத்தில் வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் யுத்தத்திலிருப்பதாக அறிவித்தார். ஜனத் தலைவர்களை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அவமதிப்பைப் பொறாமலே சென்னையில் ராஜாஜி மந்திரிசபை உள்படக் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜீநாமாச் செய்தன. ஆஸ்திரேலியரோ 1914-ல் போலவே மறுபேச்சின்றிப் படைகளை அனுப்பினர். வட ஆப்பிரிக்காவிலும், கிரேக்கத்திலும், கிரீட் தீவிலும், ஸிரியாவிலும் அவர்கள் போர் புரிந்தனர். 1941-ல் டொப்ரூக் கோட்டையை மாதக்கணக்கில் காத்து நின்றனர்.

கண் திறந்தது ஜப்பான் யுத்தத்தில் இறங்கிய பிறகு. 1941 அக்டோபரில் பிரதம மந்திரியான ஜான் கர்ட்டின், ஜப்பான்மீது ஆஸ்திரேலியாவே தன் பொறுப்பில் யுத்தப் பிரகடனம் செய்ய ஏற்பாடு செய்தார். டிசம்பர் 27-ந் தேதி மெல்போர்ன் பத்திரிகையொன்றில் எழுதிய கட்டுரையில், பழைய உறவை எண்ணித் தயங்காமல் ஆஸ்திரேலியா இனி அமெரிக்காவின் துணையை நாடும் என்று வெளிப்படையாகக் கூறினார். சர்ச்சிலுக்கு அது பிடிக்கவில்லை. 1942 பிப்ரவரி 15-ந் தேதி, அசைக்கமுடியாத கோட்டை என்று பிரிட்டன் வாக்களித்திருந்த சிங்கப்பூர் விழுந்தது. நான்கு நாளில், பிப்ரவரி 19-ந் தேதி, டார்வின் துறைமுகத்தின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. 235 பேருக்குக் குறையாமல் அன்று மாண்டனர்.

அந்த வாரத்தில்தான் சரித்திரப் பிரசித்தமான அந்தத் தந்திப் போர் நடந்தது. மத்திய கிழக்கிலிருந்து ஆஸ்திரேலியாவின் 7-வது டிவிஷன் படை கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தது. அதைப் பர்மாவுக்கு அனுப்ப வேண்டுமென்றார் சர்ச்சில், முடியாதென்றார் கர்ட்டின். ஆஸ்திரேலியாவின் சம்மதம் வருமுன்பே சர்ச்சில் கப்பல்களை ரங்கூன் திசையில் திருப்பிவிட்டார். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலுக்காகப் பரிந்து பேசினார். கர்ட்டின் அசையவில்லை. கப்பல்கள் மறுபடி திரும்பின. போதிய காவலின்றி அவை இந்து மகாசமுத்திரத்தைக் கடந்த நாட்களில் கர்ட்டின் இரவெல்லாம் தூக்கமின்றி உலாவினார் என்பர். மார்ச் 8-ந் தேதி ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. அப்படை அங்கே இறங்கியிருந்தால் அதன் கதி என்னவாயிருக்கும் என்று நாம் விளக்க வேண்டுவதில்லை.

கர்ட்டின் பிடிவாதக்காரரல்லர். இலங்கையின் பாதுகாப்புக்காக 6-வது டிவிஷனின் இரண்டு பிரிகேடுகளை விட்டுவைக்க அவர் சம்மதித்தார். ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் குண்டு வீச்சுக்கு இலக்கான காலத்தில் அவர்கள் அத்தீவில்தான் இருந்தனர். கேட்டுக் கொடுத்த படைக்கும், கேளாமல் திருப்பிய கப்பலுக்கும் உள்ள பேதமே இங்கு முக்கியம். அந்த வருஷம் ஜூலை முதல் நவம்பர் வரையில் நியூகினியின் கொக்கோடா மலைப்பாதையில் ஜப்பானியரைத் தடுத்துத் திருப்பியவர்களில், முதலில் நின்று அடி வாங்கிய அநுபவமற்ற இளைஞரோடு, கப்பலில் திரும்பிய 7-வது டிவிஷனாரும் இலங்கையிலிருந்து மீண்டவர்களும் இருந்தனர். 1942 அக்டோபர் 9-ந் தேதி, தன் சட்டங்களுக்குப் பிரிட்டிஷ் பார்லிமெண்டின் மேலதிகாரம் இல்லையென்று ஸ்தாபிக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தை ஆஸ்திரேலியப் பார்லிமெண்டு அங்கீகரித்தது. அச்சட்டம் லண்டனில் 1931-லேயே நிறைவேறியிருந்தது. பதினொரு வருஷம் கையில் வைத்திருந்த சாவியைக் குண்டு விழுந்த பிறகே பூட்டில் நுழைத்தனர்.

இந்தக் கர்ட்டின் 1916-ல் கட்டாய சேவையை எதிர்த்துச் சிறை சென்றவர். அவரே 1943-ல், கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களைத் தென்மேற்குப் பஸிபிக் பிரதேசத்துக்கு அனுப்பச் சட்டம் கொண்டுவந்தார். நண்பர்கள் சிலர் அவரைத் துரோகி என்றனர். ஆனால், ஹியூஸைப்போல் கட்சியை உடைக்காமல், முதலில் தம் கட்சி மகாநாட்டை இணங்கச் செய்த பின்னரே அவர் பார்லிமெண்டுக்குச் சென்றார். வீட்டருகே வந்துவிட்ட யுத்தம் வேறு. பிறர் வீட்டு யுத்தம் வேறு என்று ஜனங்களும் உணர்ந்தனர். சிட்னி துறைமுகத்துக்குள்ளேயே 1942 மே 31-ந் தேதி இரவு ஜப்பானியச் சிறு நீர்மூழ்கிகள் புகுந்து 21 மாலுமிகளைக் கொன்றன. 1943 மே 14-ந் தேதி 'ஸெண்டார்' என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டு 268 பேர் மாண்டனர். துணி, தேயிலை, சர்க்கரை, வெண்ணெய், மாமிசம் எல்லாவற்றுக்கும் அளவு வந்தது. ஸ்திரீகள் தோட்டா ஆலைகளிலும் வயல்களிலும் புருஷர் வேலையை ஏற்றனர். யுத்தம் முடிவதைக் காணாமலே, 1945 ஜூலை 5-ந் தேதி கர்ட்டின் காலமானார்.

கணக்கில் வந்தோரும் வராதோரும்

ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆஸ்திரேலியர் சுமார் 22,000. அவர்களில் 8,000-க்கு மேற்பட்டவர் மீளவில்லை. போர்னியோவில் ஸாண்டகன் முகாமில் 1945-ல் எஞ்சியிருந்த ஏறக்குறைய 2,400 ஆஸ்திரேலியரும் பிரிட்டிஷாரும் பட்டினியாலும் மரண நடையாலும் அழிந்தனர். உயிர் தப்பியவர் ஆறு ஆஸ்திரேலியர் மட்டுமே. பர்மாவுக்கும் ஸயாமுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில்பாதையை 1942-43-ல் போட்ட கைதிகள் 60,000-க்கு மேற்பட்டவர். அவர்களில் சுமார் 13,000 பேர் ஆஸ்திரேலியர். காலராவிலும் பட்டினியிலும் அவர்களில் சுமார் 2,800 பேர் இறந்தனர்.

அதே பாதையில், அதே மழையில், மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் பிடித்தும் கொண்டுவரப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளரும் மண் சுமந்தனர். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் முதலியவர்களோடு சேர்த்து அந்தக் கூலிகளின் தொகை இரண்டு லட்சத்தை எட்டுமென்பர். இறந்தோர் தொகை லட்சத்தை நெருங்குமென்று மதிப்பிடுவோர் உண்டு. வெள்ளைக் கைதிகளுக்கு அவர்களுடைய டாக்டர்களும் அதிகாரிகளும் கூட இருந்தனர், டைரி எழுதினர், இறந்தவன் பெயரைக் குறித்தனர். நம்மவர்களுக்கு டாக்டருமில்லை, குறித்து வைப்பாருமில்லை. காஞ்சனபுரியின் யுத்தக் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கைதிகளுக்குத் தனித்தனிக் கல் நிற்கிறது. கான்பெராவின் யுத்த ஞாபக மண்டபத்துச் சுவரில் மடிந்த ஆஸ்திரேலியர் ஒவ்வொருவரின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. நடுகல் நட்டுப் பெயரும் பீடும் எழுதிய இனத்தார் நாம். ஆயினும் அந்த ரயில்பாதையில் மடிந்த தமிழரின் முழுப் பெயர்ப் பட்டியல்கூட நம்மிடமில்லை.

ஆஸ்திரேலியரின் கணக்கிலும் விட்டுப்போனவர் இருந்தனர். அம்மண்ணின் ஆதிக்குடிகள் முதல் யுத்தத்திலேயே தடைகளை மீறி ஆயிரத்துக்கு மேற்பட்டவர் சேனையில் சேர்ந்தனர். இரண்டாவது யுத்தத்தில் அவர்கள் தொகை பல ஆயிரம். திரும்பி வந்த சிப்பாய்களுக்கு நிலம் வழங்கிய சர்க்கார், அவர்களில் மிகச் சிலருக்கே அதைக் கொடுத்தது. டாரஸ் ஜலசந்தித் தீவுகளில் தகுதியுள்ள புருஷர் ஏறக்குறைய எல்லோருமே படையில் சேர்ந்தபோது, வெள்ளைச் சிப்பாயின் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கே அவர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் வேலைநிறுத்தம் செய்த பின் அது மூன்றில் இரண்டு பங்காயிற்று. மீதிப் பாக்கி 1980-களில்தான் தீர்ந்தது. சேனையில் பணிபுரிந்த ஆதிக்குடியினருக்கு ஐக்கிய பார்லிமெண்டு ஓட்டுரிமை 1949-ல். மற்ற ஆதிக்குடியினருக்கு 1962-ல். 1916-ல் தம் சம்மதமின்றி ஒருவனையும் அனுப்பலாகாது என்று முழங்கிய ஜனங்கள், தம்மிடையே வாழ்ந்த இவர்களின் சம்மதத்தை எண்ணிப் பார்க்கவேயில்லை. நிறத்தைக் கண்டு குடியேற்றத்தைத் தடுத்த வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையும் இதே நோயின் இன்னொரு குறியே.

இருப்பினும், கற்ற பாடம் முற்றிலும் வீண்போகவில்லை. 1945 செப்டம்பரிலிருந்து, இந்தோனேஷியாவை மறுபடி அடிமைப்படுத்த டச்சுக்காரர் ஆயுதமேற்றிய கப்பல்களை ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர் தொட மறுத்தனர். இந்தோனேஷிய மாலுமிகளோடும் ஆஸ்திரேலியத் தொழிலாளரோடும் சேர்ந்து, கப்பலை விட்டிறங்கி வேலைநிறுத்தம் செய்தவர்களில் இந்திய மாலுமிகளும் இருந்தனர். பிறர் சாம்ராஜ்யத்துக்காகப் பிள்ளைகளைப் பலி கொடுத்த தேசத்துத் தொழிலாளர், பிறிதொரு சாம்ராஜ்யத்தின் கப்பலைத் தடுத்து நின்றது நன்றியுடன் நினைக்கத்தக்கது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 25-ந் தேதி விடியற்காலையில் ஆஸ்திரேலியர் தம் ஊர் ஞாபகக் கற்களின் முன் மௌனமாக நிற்கின்றனர். நிற்பது நியாயமே. ஆனால், அந்தக் கற்களிலுள்ள வீரர்களின் பெயர்களுக்கு நாம் செய்யும் மரியாதை, அவர்களை அனுப்பிய உத்தரவுக்குச் செய்யும் மரியாதையாகிவிடலாகாது. 2003-ல் ஈராக் யுத்தத்துக்குப் படை அனுப்பும் முடிவையும் அங்கே மந்திரிசபையே செய்தது. சட்டப்படி அதற்குப் பார்லிமெண்டின் ஓட்டு வேண்டியிருக்கவில்லை. 1916-ல் தாய்மாரிடம் கேட்கப்பட்ட கேள்வி பின்னர் எத்தனை தேசங்களில் எத்தனை முறை கேட்கப்பட்டது? உயிர் கொடுப்பவனைக் கேளாமல் உத்தரவு கொடுக்கும் அதிகாரம் எந்தச் சர்க்காரிடம் இருப்பினும், அது சுதேச சர்க்காராகவே இருப்பினும், அதைக் கேள்வி கேட்பது குடிகளின் கடமை. அக்கடமையோடு நமக்கு வேறொன்றும் உண்டு. மலேயாத் தோட்டங்களிலிருந்து சென்று காடுகளில் மடிந்த நம்மவரின் பெயர்களை, அறிந்த முதியோரும் குடும்பத்தாரும் இருக்கும்போதே கேட்டெழுதி வைக்க வேண்டும். சம்மதம் கேட்கப்படாமல் இறந்தவர்களுக்குப் பெயரேனும் மிஞ்சட்டும்.